கோட்டில் விழுந்த கெளுத்தி

ஓத ஆற்று மீன் வளர்ச்சி ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு கோடு. கண்ணாடிச் சட்டம் போட்டு, மேலே சின்ன விளக்கு எரியவிட்டு, கூடத்தின் நடுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். இடது கீழ் மூலையில் தொடங்கி வலது மேல் மூலைக்கு ஏறிப் போகும். நிலையத்தை ஆரம்பித்த பெரியவர் ஸ்கேலை வைத்துத் தன் கையாலேயே இழுத்த கோடு. கெளுத்தி மீன் இந்த வயதில் இவ்வளவு நீளம் இருக்கும், அடுத்த வயதில் இவ்வளவு இருக்கும் என்று அந்தக் கோடு சொல்லும். அவர் எத்தனை மீனைப் பார்த்துவிட்டு அதை இழுத்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்ட ஒருத்தர் இப்போது கொசு ஒழிப்புத் துறையில் வேலை பார்க்கிறார்.

நிலையத்தின் வேலையில் குழப்பம் ஒன்றும் கிடையாது. ஆற்றில் கெளுத்தி பிடிப்பார்கள், அளப்பார்கள், வயதைக் கண்டுபிடிப்பார்கள், கோட்டுப் படத்தில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி கோட்டின் மேல் விழுந்தால் அது மாதிரி. விழாவிட்டால் அது பிழை மீன். பிழை மீனை மரியாதையாக ஆற்றிலேயே திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி. வயதைக் கண்டுபிடிக்க மீனை அறுத்து முள்ளை எடுத்தாக வேண்டும் என்பதால், திரும்பப் போகிற மீனுக்கு அந்த மரியாதை அவ்வளவாகப் புரிந்திருக்காது. இப்படியே வருஷக் கணக்காக நடந்ததில் புள்ளிகள் அத்தனையும் கோட்டின் மேலேயே எறும்புச் சாரி மாதிரி உட்கார்ந்திருந்தன. "இவ்வளவு ஒழுக்கமான மீன்கள் உலகத்தில் வேறெந்த ஆற்றிலும் இல்லை" என்று இயக்குநர் மேடைக்கு மேடை சொல்லுவார். கைதட்டுவார்கள்.

மீன்களுக்கு இருந்த ஒழுக்கம் ஆற்றுக்கு இல்லை. கடல் பக்கத்தில் இருக்கிற ஆறு அல்லவா, தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் தினம் ஒரு நேரம். அலுவலக நேரமோ மாறாது. ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்த நிலையம், ஒருநாள் கூட்டம் போட்டு, நீர் ஏற்றம் காலை பத்தரை மணிக்கு என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டது. அன்றிலிருந்து பத்தரைக்குப் படகை இறக்குவார்கள். ஆறு வற்றிச் சேறாகக் கிடக்கும். படகு சேற்றில் உட்கார்ந்திருக்கும். அளவு அதிகாரி எழுந்து நின்று "நீர் ஏற்றம்" என்று அறிவிப்பார். படகுக்காரன் சேற்றைத் துடுப்பால் குத்திக்கொண்டிருப்பான்.

இந்தப் படகுக்காரன் நல்ல மனுஷன். நல்ல மனுஷன் என்றால், யார் என்ன சொன்னாலும் "சரிங்க சார்" என்று சொல்லித் தொலைக்கிற ஜாதி. சொந்தமாகப் படகு, சொந்தமாக வலை. வலது கையால் வலையை வீசினான் என்றால் அது விரிந்து தண்ணீரில் வட்டமாக விழுகிற அழகைப் பார்க்கப் பாலத்தில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். அந்த ஒரு கைதான் அவனும் பெண்டாட்டியும் சாப்பிடுகிற சோறு. நிலையம் அவனையும் படகையும் தினக்கூலிக்கு அமர்த்திக்கொண்டதில் அவனுக்குப் பெருமை தாங்கவில்லை. நாமும் ஆராய்ச்சிக்காரர்தான் என்று எண்ணிக்கொண்டான்.

"ஆத்துல மீன் வளருதோ இல்லையோ, உங்க அதிகாரிங்க தொப்பை நல்லா வளருது. அதைப் போய் அளக்கச் சொல்லுங்க" என்பாள் பெண்டாட்டி.

"உனக்கு அறிவியல்னா என்னன்னு தெரியாதுடி" என்பான் இவன். இவனுக்கும் தெரியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவனுக்கு உறுத்தல் இருந்தது. கெளுத்திக்கு மூன்று முள். முதுகில் ஒன்று, செவுளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்று. ரம்பம் மாதிரிப் பல் வைத்த முள், விஷம் வேறு. ஆற்றில் பிழைக்கிறவன் எவனும் கெளுத்தி வலையில் விழுந்ததும் முதல் காரியமாகக் குறடு எடுத்து மூன்றையும் ஒடித்துப் போட்டுவிட்டுத்தான் மீனைத் தொடுவான். நிலையத்தில் அது கூடாது. முள்ளைக் குறுக்கே அறுத்தால் அடிமரத்தில் தெரிவதுபோல வளையம் தெரியும், வளையத்தை எண்ணினால் மீனின் வயது. ஆகவே முள்ளை ஒடிப்பது குற்றம். அவன் வைத்திருந்த குறட்டை, வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கைக்குப் போட ரப்பர் உறை வந்தது உண்மைதான். அதைப் போட்டுக்கொண்டு இயக்குநரின் காரைக் கழுவினார்கள்.

அன்றைக்கு என்ன அதிசயமோ, பத்தரைக்கு நிஜமாகவே ஆற்றில் தண்ணீர் இருந்தது. வலையை வீசி இழுத்தான். ஒரே ஒரு கெளுத்தி. அதன் முதுகில் மஞ்சளாக ஏதோ மினுங்கியது.

மஞ்சள் வில்லை! மீனைப் பிடித்து அளந்து, முதுகில் எண் போட்ட வில்லையைக் குத்தி ஆற்றில் விட்டுவிட்டு, மறுபடி மாட்டும்போது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பது நிலையத்தின் மாபெரும் திட்டம். ஆயிரக்கணக்கில் விட்டிருந்தார்கள். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தொலைந்தது மீனா, வில்லையா என்று ஆராய்வதற்கே மாடியில் தனிப் பிரிவு இருந்தது. அதில் மூன்று பேர் பதவி உயர்வு பெற்றிருந்தார்கள்.

படகுக்காரன் ஆசையில் சட்டென்று கையை நீட்டிவிட்டான். மீன் துள்ளியது. செவுள் முள் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த சதையில் ஏறி, நுனி புறங்கையில் எட்டிப் பார்த்தது.

"ஐயோ! அம்மா!"

பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த அளவு அதிகாரி நிமிர்ந்தார். "என்னப்பா ஆச்சு?"

"முள்ளு ஏறிருச்சு சார்! கைக்குள்ள... ஐயோ..."

"உடைஞ்சிருச்சா?"

"இல்ல சார்."

"அப்பாடா" என்று நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார் அதிகாரி.

"கொறடு இருந்தா குடுங்க சார். ஒடிச்சிட்டு இழுத்தா வந்துரும். எத்தனை தடவை பார்த்திருக்கேன்."

"ஒடிக்கவா? கூறு இருக்கா உனக்கு? அதை முள்ளுன்னா நெனச்சே? மீனோட பிறப்புச் சான்றிதழ்யா அது! ஆடாம அசையாம உட்காரு."

படகுக்காரன் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்து அழுதான். அதிகாரி அளவுப் பலகையை எடுத்து, கையோடு தொங்கிய மீனை அதன்மேல் கிடத்தினார். ஒரு சாண். வில்லை எண்ணைப் பார்த்து, அதை ஆற்றில் விட்டபோது எவ்வளவு என்று பழைய குறிப்பைப் புரட்டினார். அன்றைக்கும் ஒரு சாண். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அந்த மீன் இத்தனை வருஷமாக ஒரு நூல்கூட வளராமல், ஆற்றில் சும்மா சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறது. கோட்டின்படி அது இந்நேரம் இரண்டு சாண் இருந்தாக வேண்டும்.

பிழை மீன் என்று தூக்கி எறியவும் வழியில்லை. நிலையத்தின் சரித்திரத்தில் திரும்பி வந்த ஒரே மீன் அது. அதைத் தூக்கி எறிந்தால் திட்டமே பிழை என்றாகிவிடும். வைத்துக்கொண்டால் கோடு பிழை என்றாகிவிடும். அதிகாரி படகைக் கரைக்குத் திருப்பச் சொன்னார். எப்படித் திருப்புவான்? ஒரு கையில் மீன். இடது கையாலேயே துடுப்புப் போட்டான். அதிகாரி அவன் வலது கையை மீனோடு தன் மடியில் வைத்து, குழந்தையைப் போலத் தாங்கிக்கொண்டு வந்தார். மீனுக்கு அலுங்கக் கூடாது அல்லவா.

இயக்குநர் தம் அறையில் எழுந்து நின்றே வரவேற்றார். மீனைத்தான்.

"வலிக்குதாப்பா?"

"உயிர் போவுது சார்."

"ரொம்ப நல்லது. வலி இருக்குன்னா முள்ளு முழுசா இருக்குன்னு அர்த்தம். வலி நின்னா உடனே எங்களுக்குத் தகவல் சொல்லணும்."

"சார், எடுத்துடுங்க சார். இது வலை வீசற கை."

"எடுக்காம? எடுப்போம். முறைப்படி எடுப்போம். எத்தனையோ வருஷத்து உழைப்பு உன் கையில இருக்கு. அவசரப்பட்டு ஒரு வளையம் சிதைஞ்சு போச்சுன்னா வருங்காலத் தலைமுறைக்கு யார் பதில் சொல்றது? நீயா?"

படகுக்காரன் திருதிருவென்று விழித்தான். வருங்காலத் தலைமுறைக்குப் பதில் சொல்லுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்றே அவனுக்கும் பட்டது. "சரிங்க சார்" என்றான்.

மீன் கெட்டுவிடாமல் இருக்கத் தெர்மாகோல் பெட்டி ஒன்றில் ஐஸ் போட்டு, பக்கத்தில் துளை வெட்டி, கையை மீனோடு உள்ளே விட்டு மூடி, கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். மூடியின்மேல் அரக்கு வைத்து நிலையத்தின் முத்திரை. திறப்பவர் தண்டிக்கப்படுவார் என்று எழுதி ஒட்டினார்கள். அதோடு வீட்டுக்குப் போனான்.

பெண்டாட்டி வாசலிலேயே நின்றுவிட்டாள். "என்னங்க இது? கழுத்துல மீன் பொட்டி?"

"மீன் பொட்டி இல்லடி" என்றான். "கை பொட்டி."

விஷயத்தைக் கேட்டதும் அவள் அவனை உட்காரக்கூட விடவில்லை. அப்படியே தெருவில் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் முத்திரையைக் கவனிக்கவில்லை. மூடியைத் திறந்தார், பார்த்தார், சிரித்தார்.

"இதுக்கா இப்படி ஓடி வந்தீங்க? அஞ்சு நிமிஷ வேலைம்மா. இந்தப் பக்கம் ஒடிச்சு அந்தப் பக்கம் இழுத்தா முடிஞ்சுது. ஒரு ஊசி, ரெண்டு நாள் மாத்திரை. அடுத்த வாரம் வலை வீசலாம்."

படகுக்காரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் குறட்டைக் கொதிநீரில் முக்கி எடுத்தார். அப்போதுதான் இயக்குநர் உள்ளே வந்தார், பின்னால் அளவு அதிகாரி.

"டாக்டர், நீங்க ஒடிக்கப் போறது எங்க நிலையத்தோட சொத்து."

"முள்ளு சார், ஒரு சின்ன முள்ளு..."

"இந்த ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவுக்கு அடுத்த தலைவர் யாருன்னு உங்களுக்குத் தெரியும்னு நெனைக்கிறேன்."

டாக்டருக்குத் தெரியும். அவர் குறட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். அதை அவ்வளவு மெதுவாக வைக்க வேண்டிய அவசியமே இல்லை. பிறகு வலிக்கு மாத்திரை எழுதினார்.

"டாக்டர்! அஞ்சு நிமிஷம்னு சொன்னீங்களே!"

"எனக்கும் குடும்பம் இருக்கும்மா" என்றார் டாக்டர், மாத்திரைச் சீட்டைப் பார்த்தபடி.

அவள் இயக்குநர் பக்கம் திரும்பினாள். "ஏன் சார், இது உங்க கையா இருந்தா இப்படித்தான் தொங்க விட்டிருப்பீங்களா?"

"என் கையா இருந்தா நான் பெருமைப்பட்டிருப்பேன்மா. என்ன செய்யறது, இயக்குநர் ஆத்துல இறங்க விதியில இடமில்லையே" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அதன் பிறகு குழுக்கள் கூடின. முள்ளை எப்படி எடுப்பது என்று ஒரு குழு. எடுப்பதா வேண்டாமா என்று ஒரு குழு. கை என்பது இந்த ஆய்வில் என்ன என்று தீர்மானிக்க ஒரு துணைக் குழு. துணைக் குழு நிறைய பிஸ்கட் தின்றுவிட்டு, கை என்பது மீனின் தற்போதைய வாழ்விடம் என்று அறிக்கை கொடுத்தது. வாழ்விடம் என்று ஆகிவிட்டால் அதன் வெப்பநிலையைக் குறிக்க வேண்டும் அல்லவா? காலையும் மாலையும் ஒருவர் வந்து படகுக்காரனின் புறங்கையில் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். பெட்டியில் ஐஸ் கரைந்து ரொம்ப நாளாகியிருந்தது, அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது.

"வாழ்விடம் சூடாகுது" என்று கண்டித்தார். "ஆத்துத் தண்ணி இவ்வளவு சூடு கிடையாது. கொஞ்சம் கட்டுப்படுத்திக்கப்பா."

"சரிங்க சார்" என்றான் படகுக்காரன், பற்கள் அடித்துக்கொள்ள.

மீன் எப்போதோ செத்துவிட்டது. கை ஊதியது. முதலில் விரல்கள், அப்புறம் புறங்கை. அளவு அதிகாரி தினமும் வந்து மீனை அளந்தார், மீன் ஒரு சாண்தான். நிலையம் தொடங்கிய நாளிலிருந்து முதல்முறையாக ஏதோ ஒன்று அவர்கள் கண்ணெதிரே நிஜமாகவே வளர்ந்துகொண்டிருந்தது, அது படகுக்காரனின் கை. அதைக் குறித்து வைக்கப் படத்தில் இடமில்லை.

பெண்டாட்டி நிலையத்தின் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். உள்ளே போகிறவர் வருகிறவர் எல்லோரையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். "சார், கொறடு இருந்தா குடுங்க சார். நானே ஒடிச்சுக்கிறேன்." நாலு பேர் அனுதாபப்பட்டார்கள். ஒருத்தர் காசு கொடுக்க வந்தார். கடைசியில் அவளே கடைத்தெருவில் ஒரு குறடு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அதற்குள் வீட்டில் ஒரு காவல்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குறட்டை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரசீது எழுதிக் கொடுத்தார்.

அவள் அன்றைக்குத்தான் முதல்முதலாக உட்கார்ந்து அழுதாள். அவன் வலி பெரிதா, இந்த ஆட்களின் மரியாதையான பேச்சு பெரிதா என்று அவளுக்கே தெரியவில்லை. நாசமாய்ப் போங்கள் என்று வாய்விட்டுச் சொன்னாள். காவல்காரர் அதையும் குறித்துக்கொண்டார்.

இதற்கிடையில் வெளியூர்களிலிருந்து அறிஞர்கள் வந்து கூடுகிற மாநாடு வந்தது. திரும்பி வந்த மீனைக் காட்டுவதாக இயக்குநர் எல்லோருக்கும் சொல்லியனுப்பியிருந்தார். மீன் வளரவில்லை என்பதை மட்டும் சொல்லியனுப்பவில்லை. அன்று காலை படகுக்காரனுக்குச் சட்டை போட்டுவிட்டு மேடைக்குக் கொண்டுவந்தார்கள். வலது கை நுழையாததால் சட்டைக் கையைக் கத்தரித்திருந்தார்கள். வெள்ளைத் துணி விரித்த மேஜையில் கையும் மீனும் வைக்கப்பட்டன. முதல் வரிசையில் இருந்தவர்கள் மரியாதை குறையாமல் மூன்றாம் வரிசைக்குப் போனார்கள்.

இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! வளர்ச்சி என்பது மீனின் கடமை. அதை அளப்பது நம் கடமை. மீன் தன் கடமையில் தவறலாம், நாம் தவற முடியுமா? இந்த நிலையம் தொடங்கிய நாள் முதல் ஒரு புள்ளிகூடக் கோட்டை விட்டு விலகியதில்லை. விலகிய புள்ளிகளை நாம் புள்ளிகளாகவே மதித்ததில்லை. இதற்கு எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. இதோ, ஒரு சாதாரணப் படகுக்காரர். படிப்பு இல்லை, பட்டம் இல்லை. ஆனாலும் அறிவியல் அவரைத் தேடி வந்து குத்தியிருக்கிறது! இதைவிட ஒரு ஏழைக்கு என்ன வேண்டும்?"

ஏழைக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைதட்டல் எங்கோ தூரத்தில் கேட்டது.

"இப்போது உங்கள் முன்னிலையில் மாதிரி அளக்கப்படும்" என்றார் இயக்குநர். அவர் நெற்றியில் வியர்வை. ஒரு சாண் என்று சொல்லிவிட்டால் கோடு போயிற்று. கோடு போனால் நிலையம் போயிற்று. என்ன சொல்வது என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

அளவு அதிகாரி நாடாவோடு குனிந்தார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, நாடாவின் நுனியைக் குத்துமதிப்பாக எங்கோ அழுத்தி, மறுநுனியை மீன் வாலில் வைத்து, ஓரக்கண்ணால் படித்தார்.

"ரெண்டு சாண்!" என்று கத்தினார்.

கோட்டுப் படத்தில் புள்ளி வைத்தார்கள். நட்ட நடுக் கோட்டில் விழுந்தது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மாடிப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் விம்மி அழுதார்.

கைதட்டல் ஓய்வதற்குள் அதிகாரி நேராகத் திரும்பிப் பார்த்துவிட்டார். நாடாவின் நுனி மீன் மூக்கில் இல்லை. மணிக்கட்டையும் தாண்டி, படகுக்காரனின் முன்கையில் பாதி தூரத்தில் இருந்தது. பேயறைந்த மாதிரி நின்றார். "சார்..." என்று இயக்குநரின் காதில் கிசுகிசுத்தார். "தப்பா அளந்துட்டேன் சார். கையையும் சேர்த்து..."

இயக்குநர் மேஜையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"நீங்க இப்பத்தான் சரியா அளந்திருக்கீங்க" என்றார். "இத்தனை நாளா தப்பா அளந்துட்டு இருந்தோம்."

மறுநாள் டாக்டர் கையைப் பார்த்தார். "விரல் எல்லாம் போச்சும்மா. மணிக்கட்டோட எடுத்துடலாம். அதுக்கு மேல நல்லா இருக்கு. கட்டைக்கை ஒண்ணு மாட்டிக்கிட்டா துடுப்பாவது போடலாம்" என்றார்.

படகுக்காரன் தலையாட்டினான். மணிக்கட்டு என்றதும் அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. எந்த அளவுக்கு மனுஷன் இறங்கி வந்திருந்தான் பாருங்கள்.

"மணிக்கட்டு இல்ல டாக்டர்" என்றார் இயக்குநர். அவர் அங்கே நின்றுகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. "முன்கையில பாதி. மேடையில ரெண்டு சாண்னு அறிவிச்சாச்சு."

"அது நல்ல சதை சார்! நல்ல எலும்பு!"

"அதுலதான் மாதிரி ஆரம்பிக்குது."

படகுக்காரன் இடது கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், துடுப்பு மாட்ட எடம் வேணும் சார். ரெண்டு விரக்கடை விட்டுக்குடுங்க சார். ரெண்டே விரக்கடை."

இயக்குநர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். "கத்திரிக்காய் வாங்குறோமாப்பா? அறிவியல்ல பேரம் பேசக் கூடாது."

பெண்டாட்டி அளவு அதிகாரியின் கையிலிருந்த நாடாவைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். "இப்ப அளடா பாக்கலாம்!" என்று எகிறினாள். அவளை இரண்டு பேர் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். அதிகாரி கீழே போய்த் தெருவில் கிடந்த நாடாவை எடுத்து, தூசி தட்டி, வண்டிச் சக்கரம் ஏறியதில் நீண்டுவிட்டதா என்று சரிபார்த்துக்கொண்டு வந்தார். பிறகு டாக்டரின் பேனாவை வாங்கி, படகுக்காரனின் முன்கையில் ஒரு கோடு போட்டார். டாக்டர் அந்தக் கோட்டிலேயே அறுத்தார். துளி பிசகவில்லை. கெட்டிக்கார டாக்டர் என்று இயக்குநர் நிர்வாகக் குழுவில் சொன்னார்.

புண் ஆறி வருகிற சமயத்தில் ஒருநாள் இயக்குநரும் அளவு அதிகாரியும் வீட்டுக்கு வந்தார்கள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள். படகுக்காரன் இடது கையால் நாற்காலியை இழுத்துப் போட்டான். பெண்டாட்டி சுவரோரமாக நின்றாள். படகு போன வாரம்தான் விலை போயிருந்தது.

"கையைக் குடுத்துடுங்க சார்" என்றாள். அவள் குரலில் பழைய காரம் இல்லை. "எங்கயாவது ஒரு ஓரமா பொதைச்சுக்கிறோம்."

"எந்தக் கைம்மா? நிலையத்துல கை எதுவும் இல்லையே. ஒரு மீன் இருக்கு. கண்ணாடிச் சாடியில, கூடத்துல. பள்ளிக்கூடத்துலேர்ந்தெல்லாம் பிள்ளைங்க வந்து பார்த்துட்டுப் போறாங்க." இயக்குநர் படகுக்காரனைப் பார்த்துப் புன்னகை செய்தார். "உனக்கு ஒரு நல்ல சேதிப்பா. இனிமே உனக்குத் தினக்கூலி கிடையாது. நிரந்தர வேலை. மாசச் சம்பளம், ஓய்வூதியம், எல்லாம் உண்டு."

படகுக்காரனுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒத்தைக் கையால நான் என்ன சார் வேலை செய்யறது?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். இருந்தா போதும்."

அவன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். நிரந்தர வேலை என்று அவன் உதடு முணுமுணுத்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை. அளவு அதிகாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பையிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு?" என்றாள்.

"ஒரு நடைமுறைம்மா" என்றார் இயக்குநர். "இது வளர்ச்சி ஆய்வு. மாதிரின்னா வருஷா வருஷம் வளரணும். கோடு ஏறிப் போகுது, பார்த்திருப்பீங்களே. இந்த வருஷம் ரெண்டு சாண். அடுத்த வருஷம் அதே ரெண்டு சாண்னு இருந்தா உலகம் சிரிக்காதா?"

"மீன்தான் செத்துப் போச்சே சார்!"

"யார் சொன்னது? மீன் செத்ததா எங்க குறிப்புல எங்கயும் இல்ல. செத்ததுன்னு எழுதினா ஆய்வு முடிஞ்சுடும். ஆய்வு முடிஞ்சா நிலையத்தை மூடிடுவாங்க. எத்தனை குடும்பம் நடுத்தெருவுல நிக்கும், யோசிச்சுப் பாருங்க. உங்களுக்கு இரக்கம் இருக்கும்னுதான் இவ்வளவு வெளிப்படையா பேசறேன்."

அளவு அதிகாரி மிச்சமிருந்த கையை மெல்லப் பிடித்து, வெட்டுவாயிலிருந்து மேலே அளந்தார். இந்த முறை மூக்கைப் பொத்த வேண்டியிருக்கவில்லை, நிதானமாக அளந்தார். "அடுத்த வருஷத்துக்கு முழங்கை சார். சரியா வருது. அதுக்கு அடுத்த வருஷம் தோள்."

இயக்குநர் திருப்தியோடு தலையாட்டிவிட்டு எழுந்தார்.

படகுக்காரன் தன் தோளைப் பார்த்தான். தோளிலிருந்து நெஞ்சைப் பார்த்தான். அவனுக்கு முதல்முறையாகக் கணக்குப் புரிந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை, மரியாதையாகவே கேட்டான்.

"அதுக்கும் அடுத்த வருஷம் சார்?"

இயக்குநர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவர் அதுவரை யோசித்ததில்லை என்பது தெரிந்தது. யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"கவலைப்படாதே" என்றார். "அதுக்குள்ள நான் ஓய்வு பெற்றுடுவேன்."